அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இனப் பின்னணி: தீர்ப்பு மாற்றியது என்ன, மாற்றாதது என்ன?

புதுடெல்லி: அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைத் தேர்வு செய்யும்போது அவர்களின் இனத்தை ஒரு காரணியாகக் கொள்ளக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி தீர்ப்பளித்தது. 1978ஆம் ஆண்டு முதல் நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் நீடித்து வந்த நடைமுறை அத்துடன் முடிவுக்கு வந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் பாரபட்சம் காட்டுகிறது என்பதே வழக்கின் மையக் குற்றச்சாட்டு. எனவே, இனி இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னணிக் கல்லூரிகளில் இடம் கிடைப்பது எளிதாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக எழுந்தது. ஆனால், தீர்ப்புக்குப் பின்னர் வெளியான சேர்க்கை விவரங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடுகின்றன. சில இடங்களில் ஆசிய வம்சாவளி மாணவர்களின் விகிதம் உயர்ந்தது. சில இடங்களில் மாறவில்லை. சில இடங்களில் குறைந்தது. இதற்கான காரணத்தை அறிய, அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

மதிப்பெண் மட்டும் முடிவு செய்வதில்லை

இந்தியாவில் நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் பெறும் தரவரிசையே மருத்துவ, பொறியியல் இடங்களைப் பெருமளவில் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளில் அத்தகைய ஒற்றைத் தரவரிசைப் பட்டியல் இல்லை. பள்ளி மதிப்பெண்கள், எஸ்ஏடி போன்ற நுழைவுத் தேர்வுகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் எழுதும் கட்டுரை, விளையாட்டு, இசை, சமூகப் பணி, குடும்பச் சூழல் என அனைத்தையும் சேர்த்து எடைபோடும் முறையே அங்கு நிலவுகிறது. இது ‘முழுமையான மதிப்பீடு’ என அழைக்கப்படுகிறது.

இம்முறை ஏன் தேவைப்படுகிறது என்பதை ஹார்வர்டு வழக்கில் வெளியான விவரங்களே விளக்குகின்றன. 2015ஆம் ஆண்டு சேர்க்கைக்கு அப்பல்கலைக்கழகத்தில் 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். அனுமதி கிடைத்தது சுமார் 2 ஆயிரம் பேருக்கு மட்டுமே. அமெரிக்காவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தவர்களில் மட்டும் 8 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பள்ளிப் படிப்பில் முழுமையான மதிப்பெண் சராசரியைப் பெற்றிருந்தனர். எஸ்ஏடி கணிதப் பிரிவில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 3 ஆயிரத்துக்கும் அதிகம். முழு மதிப்பெண் பெற்றவர்களுக்கு மட்டும் இடம் என்று முடிவெடுத்தாலும் இடங்கள் போதாது என்பதே நிலை.

ஹார்வர்டில் ஒவ்வொரு விண்ணப்பமும் கல்வி, பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடுகள், விளையாட்டு, பள்ளியின் பரிந்துரை, தனிப்பட்ட குணநலன், ஒட்டுமொத்த மதிப்பீடு ஆகிய 6 பிரிவுகளில் மதிப்பிடப்பட்டு வந்தது. பின்னர் பகுதிவாரியான துணைக் குழுக்களும், சுமார் 40 பேர் கொண்ட முழுக் குழுவும் விவாதித்து, வாக்கெடுப்பின் மூலம் முடிவெடுத்தன. இந்த நடைமுறையின் பல கட்டங்களில் விண்ணப்பதாரரின் இனம் கூடுதல் சாதகமாகக் கருதப்படலாம் என்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டிருந்தது.

எங்கிருந்து தொடங்கியது?

அடிமை முறையும், அதன் ஒழிப்புக்குப் பின்னர் நீண்ட காலம் நீடித்த இனப் பிரிவினைச் சட்டங்களும் கறுப்பின மக்களை உயர்கல்வியிலிருந்து விலக்கி வைத்திருந்தன. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டு அதிபர் ஜான் எஃப். கென்னடி பிறப்பித்த நிர்வாக ஆணையில் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்ற சொற்றொடர் இடம்பெற்றது. தடைகளை நீக்கிவிட்டு ஒதுங்கி நிற்பது போதாது, வாய்ப்பை உறுதி செய்யத் தனி முயற்சியும் தேவை என்பது அதன் பொருள். நெடுங்காலம் சங்கிலியால் கட்டுண்டு கிடந்தவரை விடுவித்து, உடனே ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிறுத்துவது நியாயமாகாது என்ற கருத்தை அதிபர் லிண்டன் ஜான்சன் 1965ஆம் ஆண்டு ஹோவர்டு பல்கலைக்கழக உரையில் முன்வைத்தார்.

1960களின் பிற்பகுதியில் இருந்து பல கல்லூரிகள் கறுப்பின, ஹிஸ்பானிக், பூர்வகுடி மாணவர்களைச் சேர்க்கத் தனி முயற்சிகளை மேற்கொண்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது. இடம் மறுக்கப்பட்ட ஆலன் பாக்கி என்ற வெள்ளையின விண்ணப்பதாரர் தொடர்ந்த வழக்கில், 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இருவேறு முடிவுகளை ஒரே தீர்ப்பில் அளித்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்களை ஒதுக்குவது செல்லாது. ஆனால், மாணவர் கூட்டத்தில் பன்முகத்தன்மையை உருவாக்கும் நோக்கில் இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகக் கொள்ளலாம் என்பதே அது. அதற்கு முன்மாதிரியாக நீதிபதி லூயிஸ் பவல் சுட்டிக்காட்டியது ஹார்வர்டின் சேர்க்கை முறையைத்தான். 45 ஆண்டுகளுக்குப் பிறகு செல்லாது என அறிவிக்கப்பட்டதும் ஹார்வர்டின் முறையே.

2003ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடர்பான இரு வழக்குகளில் இந்த எல்லைக்கோடு மேலும் தெளிவானது. இளநிலைச் சேர்க்கையில் சிறுபான்மை இன மாணவர்களுக்குத் தானாகவே 20 புள்ளிகள் வழங்கும் முறை ரத்து செய்யப்பட்டது. சட்டக் கல்லூரியில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, இனத்தையும் ஒரு காரணியாகக் கொள்ளும் முறை 5-4 என்ற பெரும்பான்மையில் ஏற்கப்பட்டது. இன்னும் 25 ஆண்டுகளில் இத்தகைய முன்னுரிமைக்குத் தேவை இருக்காது என்று தாம் எதிர்பார்ப்பதாகப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் குறிப்பிட்டார்.

ஒரே தரவு, இரு முடிவுகள்

எட்வர்ட் பிளம் என்ற செயற்பாட்டாளர் நிறுவிய ‘நியாயமான சேர்க்கைக்கான மாணவர்கள்’ என்ற அமைப்பு, 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஹார்வர்டு மீதும் வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் மீதும் வழக்குத் தொடர்ந்தது. கல்வியிலும் பிற செயல்பாடுகளிலும் உயர்ந்த மதிப்பீடு பெறும் ஆசிய வம்சாவளி மாணவர்கள், ‘தனிப்பட்ட குணநலன்’ என்ற பிரிவில் மட்டும் சராசரியாகக் குறைந்த மதிப்பீடு பெறுகின்றனர் என்பது ஹார்வர்டு மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அமைதியானவர், படிப்பில் மட்டும் நாட்டம் கொண்டவர் என்ற முன்முடிவே இதற்குக் காரணம் என அந்த அமைப்பு வாதிட்டது.

2018ஆம் ஆண்டு பாஸ்டனில் நடைபெற்ற விசாரணையில் இரு பொருளாதார நிபுணர்கள் ஏறத்தாழ ஒரே தரவுகளை ஆராய்ந்து எதிரெதிரான முடிவுகளை முன்வைத்தனர். வழக்குத் தொடுத்த தரப்பின் நிபுணரான டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஆர்சிடியாகோனோ, பாரபட்சம் இருப்பதாகக் கணித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பெர்க்லி பேராசிரியர் டேவிட் கார்டு, அவ்வாறு இல்லை என்று ஹார்வர்டு தரப்பில் வாதிட்டார். குணநலன் மதிப்பீட்டைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பது உள்ளிட்ட தேர்வுகளே இருவரின் முடிவுகளையும் பிரித்தன. அந்த மதிப்பீடு நம்பத்தகுந்தது எனக் கொண்டால் பாரபட்சம் பெரும்பாலும் தென்படாது. அதுவே பாரபட்சத்தின் விளைவு எனக் கொண்டால் பாரபட்சம் வெளிப்படும்.

உள்நோக்கத்துடன் கூடிய பாரபட்சம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி 2019ஆம் ஆண்டு மாவட்ட நீதிபதி ஆலிசன் பரோஸ் ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2020ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகே வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். வடக்கு கரோலினா வழக்கில் 6-3 என்றும், நீதிபதி கேடான்ஜி பிரவுன் ஜாக்சன் விலகிக்கொண்ட ஹார்வர்டு வழக்கில் 6-2 என்றும் நீதிபதிகள் பிரிந்தனர். சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பை உறுதி செய்யும் அரசமைப்பின் 14ஆவது திருத்தத்தை இரு பல்கலைக்கழகங்களின் நடைமுறைகளும் மீறுவதாகத் தீர்ப்பு கூறியது.

அதற்கு முன்வைக்கப்பட்ட காரணங்கள் நான்கு. பன்முகத்தன்மை என்ற நோக்கம் நீதிமன்றம் அளவிட்டுச் சரிபார்க்கக் கூடியதாக இல்லை. இடங்கள் குறைவாக உள்ள போட்டியில் ஒருவருக்கு இனம் சாதகமானால், அது மற்றொருவருக்குப் பாதகமாகிவிடுகிறது. ஓர் இனத்தைச் சேர்ந்தவர் அனைவரும் ஒரே விதமாகச் சிந்திப்பர் என்ற முன்முடிவுக்கு இது இடமளிக்கிறது. இந்த முறை எப்போது முடிவுக்கு வரும் என்பதற்கு விடை இல்லை.

நீதிபதிகள் சோனியா சோட்டோமேயர், எலினா கேகன், ஜாக்சன் ஆகியோர் மாறுபட்டனர். வருமானம், வீடு, பள்ளி, உடல்நலம் என வாழ்க்கையின் ஒவ்வொரு துறையிலும் இன ஏற்றத்தாழ்வு தொடரும் நிலையில், கல்லூரி வாசலில் மட்டும் அதைக் காண மறுப்பது சமத்துவத்தைத் தராது. இருக்கும் ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தவே செய்யும் என்பது அவர்களின் வாதம்.

தீர்ப்பில் ஒரு முக்கியமான வாசல் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. இனப் பாகுபாட்டை எதிர்கொண்டு மீண்ட அனுபவத்தையோ, தம் பண்பாட்டிலிருந்து பெற்ற ஊக்கத்தையோ மாணவர் கட்டுரையில் எழுதினால், அதில் வெளிப்படும் மனவுறுதி, தலைமைப் பண்பு ஆகியவற்றைக் கல்லூரி கணக்கில் கொள்ளலாம். விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டத்துக்காக மட்டும் முன்னுரிமை வழங்கக் கூடாது. தனிமனிதரின் அனுபவத்துக்கும் குழு அடையாளத்துக்கும் இடையிலான இந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதே இன்றைய சிக்கல்.

‘ஆசியர்’ என்ற ஒற்றைக் கட்டம்

இந்தியர்களை எந்தப் பிரிவில் வைப்பது என்பதில் அமெரிக்கச் சட்டமும் அரசும் பலமுறை நிலை மாறியுள்ளன. பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என 1923ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே இந்தியர்கள் ‘வெள்ளையர்’ பிரிவில் எண்ணப்பட்டனர். 1977ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த இனப் பட்டியலின்படி அவர்கள் ‘ஆசியர்’ ஆயினர்.

கல்லூரிகள் பயன்படுத்திய கட்டங்கள் பெருமளவில் இந்தப் பட்டியலைப் பின்பற்றியவை. சீன, கொரிய, இந்திய, பாகிஸ்தானிய, வியட்நாமியக் குடும்பங்களின் பிள்ளைகள் அனைவரும் அதில் ஒரே பிரிவு. இப்பிரிவுகள் மிகையாக விரிந்தவை என்று ராபர்ட்ஸ் விமர்சித்தார். உலக மக்கள்தொகையில் சுமார் 60 சதவீதத்தினரை ‘ஆசியர்’ என்ற ஒரே சொல் உள்ளடக்குகிறது என்று நீதிபதி நீல் கோர்சச் சுட்டிக்காட்டினார்.

இதில் கவனிக்கத்தக்க மற்றோர் உண்மையும் உண்டு. ஜான்சன் ஓட்டப்பந்தய உவமையைக் கூறிய அதே 1965ஆம் ஆண்டில்தான், ஆசியர்களுக்குக் குடியேற்ற வாசலைத் திறந்த சட்டமும் நிறைவேறியது. அதன் வழியே வந்த இந்தியர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் இருந்தனர். கறுப்பின மக்களின் வரலாற்றை மனத்தில் வைத்து உருவான ஒரு நடைமுறைக்குள், முற்றிலும் வேறு பாதையில் வந்த ஒரு சமூகம் பொருந்த நேர்ந்தது. ஆசிய வம்சாவளியினரின் கருத்தும் ஒரே திசையில் இல்லை. 2023ஆம் ஆண்டு பியூ ஆய்வு மையம் வெளியிட்ட முடிவுகளின்படி, ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ குறித்துக் கேள்விப்பட்ட ஆசிய வம்சாவளியினரில் 53 சதவீதத்தினர் அதை நல்லது என்றனர். கல்லூரிச் சேர்க்கையில் இனம் காரணியாக இருக்கக் கூடாது என்று ஆசிய வம்சாவளியினரில் 76 சதவீதத்தினர் கூறினர்.

தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது?

தீர்ப்புக்குப் பிந்தைய முதல் சேர்க்கை 2024ஆம் ஆண்டு நடைபெற்றது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புதிய மாணவர்களில் கறுப்பினத்தவரின் விகிதம், அதற்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகச் சரிந்தது. ஆசிய வம்சாவளியினரின் விகிதம் 47 சதவீதமாக உயர்ந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் கறுப்பின மாணவர் விகிதம் 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானது.

ஹார்வர்டில் கறுப்பின மாணவர் விகிதம் 18 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், ஆசிய வம்சாவளியினரின் விகிதம் 37 சதவீதமாகவே நீடித்தது. யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் விகிதம் 14 சதவீதத்தில் மாறாமல் இருக்க, ஆசிய வம்சாவளியினரின் விகிதம் 30 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைந்தது. பிரின்ஸ்டனிலும் ஆசிய வம்சாவளியினரின் விகிதம் சற்றுக் குறைந்தது.

இந்த எண்களை எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது. இனத்தைக் குறிப்பிட விரும்பாத மாணவர்களின் எண்ணிக்கை அதிகரித்துள்ளது. ஹார்வர்டில் அது 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. விகிதத்தைக் கணக்கிடும் முறையும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகிறது. நீண்டகாலப் போக்கை அறிய, முன்னரே தடை விதித்த மாநிலங்களின் அனுபவம் உதவும். 2006ஆம் ஆண்டு மிச்சிகன் மாநில வாக்காளர்கள் இன அடிப்படையிலான சேர்க்கைக்குத் தடை விதித்தனர். அதன் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக இளநிலை மாணவர்களில் கறுப்பினத்தவரின் விகிதம் சுமார் 7 சதவீதத்திலிருந்து 2021ஆம் ஆண்டில் சுமார் 4 சதவீதமாகக் குறைந்ததாக அப்பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 1996ஆம் ஆண்டிலேயே தடை விதித்த கலிபோர்னியாவில், பின்தங்கிய மாணவர்களை ஈர்க்கும் மாற்றுத் திட்டங்களுக்கு 50 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டதாக அம்மாநிலப் பல்கலைக்கழகம் கூறியது.

வெளிச்சத்துக்கு வந்த வாரிசு முன்னுரிமை

வழக்கு விசாரணை மற்றொரு நடைமுறையையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஹார்வர்டின் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. அத்தகைய தொடர்பு இல்லாதவர்களுக்கு அது சுமார் 6 சதவீதம் மட்டுமே. அனுமதி பெற்ற வெள்ளையின மாணவர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் வாரிசுகள், நன்கொடையாளர் உள்ளிட்டோருடன் தொடர்புடையவர்கள், பல்கலைக்கழக ஊழியர்களின் பிள்ளைகள் ஆகிய பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என ஆர்சிடியாகோனோ குழுவினரின் ஆய்வு கூறியது.

இனத்தைக் கருதக் கூடாது என்ற தீர்ப்பு இந்த முன்னுரிமைகளைத் தொடவில்லை. எனவே, வாரிசு முன்னுரிமைக்கு எதிரான குரல் வலுத்தது. வர்ஜீனியா, இல்லினாய், மேரிலாந்து, கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2024ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதிக்கும் சட்டங்களை இயற்றின. கலிபோர்னியா, மேரிலாந்து சட்டங்கள் தனியார் கல்லூரிகளுக்கும் பொருந்தும். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட பல கல்லூரிகள் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளை இன்னும் தனியாகவே கருதுகின்றன.

இந்திய இடஒதுக்கீட்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

இந்திய வாசகர்கள் இதனை இடஒதுக்கீட்டுடன் ஒப்பிடுவது இயல்பு. ஆனால், இரண்டும் அடிப்படையில் வேறானவை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட எண்ணிக்கை சார்ந்த ஒதுக்கீடுதான் இந்திய முறையின் அடித்தளம். இந்தியாவில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதும், கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன என்பதும் வெளிப்படையானவை. அமெரிக்காவில் இனம் எவ்வளவு எடை பெற்றது என்பதை அறிய, வழக்குத் தொடுத்து ஆவணங்களைப் பெற வேண்டியிருந்தது.

அரசமைப்பின் பாதையும் வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951ஆம் ஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் முதலாவது திருத்தத்தின் மூலம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்து, சமூக, கல்வி ரீதியில் பின்தங்கியோருக்கான சிறப்பு ஏற்பாடுகளுக்கு வழிவகுத்தது. அமெரிக்க அரசமைப்பில் அத்தகைய உட்பிரிவு இல்லை. அதனால், அங்கு இந்த நடைமுறையின் ஆயுள் நீதிபதிகளின் விளக்கத்தை மட்டுமே சார்ந்திருந்தது. நீதிமன்றத்தின் அமைப்பு மாறியபோது விளக்கமும் மாறியது.

இந்திய மாணவர்களுக்கு இதன் பொருள் என்ன?

இங்கிருந்து மாணவர் விசாவில் செல்வோரும், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினரும் ஒரே பிரிவினர் அல்லர். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3.31 லட்சம் இந்திய மாணவர்கள் பயின்றனர். அவர்களில் பெரும்பான்மையோர் முதுநிலைப் படிப்பிலும், படிப்புக்குப் பிந்தைய பணிப் பயிற்சியிலும் இருந்தவர்கள். அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரங்களில் வெளிநாட்டு மாணவர்கள் இனப் பிரிவுகளில் சேர்க்கப்படாமல் தனியாகவே எண்ணப்படுகின்றனர். எனவே, ‘ஆசியர்’ விகிதத்தின் ஏற்ற இறக்கம் அவர்களின் வாய்ப்பை நேரடியாகக் காட்டாது.

அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களைப் பொறுத்தவரை, இனம் என்ற காரணி நீங்கினாலும் சேர்க்கை மதிப்பெண் தரவரிசையாக மாறிவிடவில்லை. ஹார்வர்டு, யேல், டார்ட்மவுத், பிரவுன் உள்ளிட்ட கல்லூரிகள் பெருந்தொற்றுக் காலத்தில் கைவிட்ட நுழைவுத் தேர்வு நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்துள்ளன. ஆயினும் கட்டுரை, பரிந்துரை, குணநலன், வாழும் பகுதி, குடும்ப வருமானம் ஆகியவை தொடர்ந்து எடைபோடப்படுகின்றன. குணநலனை எவ்வாறு அளப்பது என்று வழக்கில் எழுந்த கேள்விக்குத் தீர்ப்பு விடையளிக்கவில்லை.

அடுத்த கட்ட மோதல் தரவுகளைச் சுற்றியே அமையும் எனத் தெரிகிறது. கல்லூரிகள் தீர்ப்பை மறைமுகமாக மீறுகின்றனவா என்பதைக் கண்டறிய, விண்ணப்பித்தோர், அனுமதி பெற்றோர் ஆகியோரின் விவரங்களை இனவாரியாகத் திரட்டுமாறு அதிபர் டொனால்டு டிரம்ப் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உத்தரவிட்டார். மறுபுறம், கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை மேலும் சரியும் என்ற அச்சம் சமூக உரிமை அமைப்புகளிடம் உள்ளது.

சில ஆயிரம் இடங்களுக்குப் பல்லாயிரம் தகுதியானவர்கள் போட்டியிடும்வரை, தகுதி என்பதை யார், எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நீடிக்கவே செய்யும். அக்கேள்விக்கான பல விடைகளில் ஒன்றை மட்டுமே 2023ஆம் ஆண்டின் தீர்ப்பு நீக்கியுள்ளது.